மண்டபம் காண வந்தவர்கள்: உயர்மாடி விடுதியும் சூதாட்டச் சட்டமும்

ஏனாத்தூரிலிருந்து சில கிலோமீட்டர் போனால் பெரிய காஞ்சிபுரத்தில் திருப்பாடகம். பாண்டவதூதப் பெருமாள் அங்கே இருபத்தைந்து அடிக்கும் மேலான உயரத்தில் வீற்றிருக்கிறார். தூது வந்த கண்ணனுக்கு இட்ட ஆசனத்தின் கீழே துரியோதனன் நிலவறை தோண்டி மல்லர்களை ஒளித்து வைத்தான், ஆசனம் சரிந்ததும் கண்ணன் விசுவரூபம் எடுத்தான் என்பது தலவரலாறு. இந்தப் பொறிக்கு முந்தியது சூது. அதற்கும் ஒரு கட்டடம் தேவைப்பட்டது. புது மண்டபம் எழுப்பியிருக்கிறோம், காண வாருங்கள் என்றுதான் விதுரன் வழியே பாண்டவருக்கு அழைப்புப் போகிறது. ஆட்டம் அந்த அழைப்பின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நம் பக்கத்துத் திரௌபதியம்மன் விழாக்களில் ‘பகடை துகில்’ கூத்தை விடிய விடியப் பார்ப்பவர்கள் சகுனியின் கையையே பார்க்கிறார்கள். மண்டபத்தை யாரும் கவனிப்பதில்லை.

அந்த மண்டபத்தின் இன்றைய வாரிசு, சூதாட்டக்கூடத்தை ஒட்டி எழும் ஆடம்பர விடுதி. அதைத் தங்குமிடம் என்று வகைப்படுத்துவதே சுற்றுலா ஆய்வுகளின் வழக்கம். அது சூதாட்டச் சட்டத்தின் ஓர் உறுப்பு என்பது என் வாதம்.

சிங்கப்பூரின் மரினா பே சேண்ட்ஸை எடுத்துக்கொள்வோம். 2005 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்த முடிவின்படி, மோஷே சாப்டி வடிவமைத்து, 2010இல் திறக்கப்பட்டது. ஐம்பத்தைந்து மாடிகள் கொண்ட மூன்று கோபுரங்கள். அவற்றின் தலைமேல், தரையிலிருந்து 200 மீட்டர் உயரத்தில், 340 மீட்டர் நீளப் பூங்கா. வளாகத்தின் முன்னால், சிங்கப்பூர் ஆறு வந்து கலக்கும் நீர்ப்பரப்பு 2008இல் கட்டிய மரினா அணைக்கட்டால் நன்னீர்த்தேக்கமானது. ஆட்டக்கூடம் கோபுரங்களுக்குள் இல்லை; கோபுரங்களுக்கும் கரைக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் கட்டடத்தில் இருக்கிறது. ஆட்டப் பரப்புக்குத் தொடக்கத்தில் 15,000 சதுர மீட்டர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். முழு வளாகத்தில் அது சிறு துண்டு. வருவாயில் பெரும்பகுதி அந்தத் துண்டிலிருந்துதான். அரசு இதற்கு வைத்த பெயரில் சூது என்ற சொல்லே கிடையாது: ‘ஒருங்கிணைந்த உல்லாசத்தளம்’.

சூதாட்டக்கூட விளம்பரத்தைச் சிங்கப்பூர்ச் சட்டம் இறுக்கிப் பிடிக்கிறது. கோபுரத்தின் படத்தை எந்தச் சட்டம் பிடிக்கும்? அது தபால் அட்டையில் வருகிறது, தமிழ்ப் படப் பாட்டுகளின் பின்னணியில் வருகிறது, ஊருக்கு வரும் தம்பியின் செல்போனில் வருகிறது. மாநாடுகளையும் சுற்றுலாவையும் இந்த வளாகம் ஈர்த்தது என்பதை நான் மறுக்கவில்லை. தடை செய்யப்பட்ட விளம்பரத்தைக் கட்டடம் கூலியின்றிச் செய்துவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஆட்டக்கூடத்தில் நுழைவு வரி உண்டு. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 100 வெள்ளி. 2019 முதல் 150. வெளிநாட்டவருக்கு இல்லை. வரி வேலி போலத் தெரிகிறது. ஆனால் 150 வெள்ளி கட்டி உள்ளே போனவன் அதை மீட்கும்வரை எழுந்திருக்க மாட்டான் என்பதைச் சீட்டுக் களத்தை எட்டிப் பார்த்தவரும் அறிவார்.

கோவாவின் கதை வேறு, வெளிப்படையானதும்கூட. 1976ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் 1992இல் சேர்த்த 13அ பிரிவு, ஆட்ட இயந்திரங்களை ஐந்து நட்சத்திர விடுதிகளில் அனுமதித்தது. நட்சத்திர எண்ணிக்கை சமையலறைக்கும் படுக்கைக்கும் தரும் தரச்சான்று; இங்கே அது குற்றத்துக்கும் பொழுதுபோக்குக்கும் நடுவே கோடு கிழிக்கிறது. 1996 திருத்தம் மேசை ஆட்டங்களைக் கரைக்கு அப்பாலுள்ள கப்பல்களுக்குக் கொண்டுபோனது. கப்பல்கள் கடலுக்குப் போகவில்லை. பணஜி நகரத்தின் கண்ணெதிரே மாண்டவி ஆற்றிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கின்றன. ஆட வருபவர்களைச் சிறு படகுகள் ஏற்றிப் போகின்றன. 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்கள் உள்ளே போகக்கூடாது. ஊராருக்கு ஆகாதது விருந்தாளிக்கு ஆகும் என்ற இந்த நியாயத்தை எந்த அறநூலில் தேடுவது?

அர்த்தசாஸ்திரத்தில் பாதி கிடைக்கிறது. சூதாட்டத்தை ஓரிடத்தில் மட்டும் நடத்த வேண்டும், வேறிடத்தில் ஆடினால் 12 பணம் தண்டம், வென்றதில் நூற்றுக்கு ஐந்து அரசுக்கு என்கிறது அந்நூல். ஒற்றர்களையும் திருடர்களையும் கண்டுபிடிக்கவே இந்த ஏற்பாடு என்று காரணமும் சொல்கிறது. அதில் ஒரு நேர்மை இருக்கிறது: கௌடில்யர் கூடத்தைக் கூடமென்றே அழைக்கிறார், அதன்மேல் கோபுரம் வைக்கவில்லை. வள்ளுவர் சூதை ஓர் அதிகாரமாக்கியபோது பேசியது ஆடுபவனிடம். கூடம் நடத்துபவரோ வரி வாங்கும் அரசரோ அந்தப் பத்துக் குறளில் முன்னிலையில் இல்லை. நம் அறமரபில் இது ஓர் இடைவெளி என்றே கருதுகிறேன்.

காஞ்சிபுரத்து வேகவதி ஆற்று மணலில் துண்டு விரித்துக் காசு வைத்துச் சீட்டாடும் நாலு பேர்மேல் 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் பாயும். அவர்கள் உட்கார்ந்திருப்பதும் ஆற்றங்கரைதான். கையில் இருப்பதும் அதே ஐம்பத்திரண்டு சீட்டுதான். அவர்களுக்குப் பின்னால் எழுந்து நிற்க ஒரு மண்டபம் இல்லை.