வேங்கடத்து ஓரையும் ஜெர்மானியர் 'ஊரும்'

சித்தூர்க் கடைத்தெருவில் தமிழர் 'மூன்று மணி' என்பர். தெலுங்கர் 'மூடு கண்ட்டலு' என்பர். சொல் வேறாயினும் இரண்டும் அடிக்கப்படும் மணியையே குறிப்பவை; நேரம் என்ற பொருள் பின்னர் ஏறியது. ஆனால் இருமொழிப் பஞ்சாங்கங்களும் இன்னொரு சொல்லைப் பேணுகின்றன: ஓரை. அதன் உறவு ஜெர்மனியில் இருக்கிறது.

நேரம் சொல்ல ஜெர்மானியர் வழங்கும் 'ஊர்' என்ற சொல் கடிகாரத்தையும் குறிக்கும். நம் 'ஊர்' போல் ஒலித்தாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை. அது கிரேக்க 'ஹோரா'. முதலில் பருவம், பின்னர்ப் பகலின் பன்னிரண்டில் ஒரு பங்கு. இலத்தீன், பழைய பிரெஞ்சு, வட ஜெர்மனியின் தாழ்நில வழக்கு என நடந்து ஜெர்மனுக்கு வந்தது. ஒரு மணி நேரத்தை அளக்க 'ஷ்டுண்டெ' நிலைபெற, 'ஊர்' கருவிக்கும் மணிக்கணக்குக்கும் உரியதாயிற்று. ஆண்டைக் குறிக்கும் ஜெர்மன் 'யார்' என்பதும் அதே பழைய வேரினது. ஆனால் அது கடனன்று, பிறப்புரிமை.

அதே கிரேக்கச் சொல் சோதிடத்தோடு வடமொழியில் 'ஹோரா' ஆயிற்று. 'அகோராத்திரம்' என்பதன் முதலும் ஈறும் கெட்டு எஞ்சியதே அது என்ற சிலர் கருத்தை ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் பிருகத் ஜாதகத்தில் குறிக்கிறார். அழகான விளக்கம், ஆயினும் ஒலியொப்புமை வரலாறாகாது. கிழமைகளின் வரிசையே ஓரைக் கணக்கில் பிறந்தது. ஞாயிறு சூரிய ஓரையில் தொடங்கினால் சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் எனச் சுழன்று இருபத்தைந்தாம் ஓரை சந்திரனுக்கு விழும். அது திங்களின் முதல் ஓரை.

இச்சொல் தமிழில் பெரும் வழக்கொன்றைக் கிளப்பியது. வேங்கடத்தை வடவெல்லையாகச் சொல்லும் பாயிரத்தையுடைய தொல்காப்பியத்தின் களவியலில் 'ஓரை' வருகிறது. எஸ். வையாபுரிப் பிள்ளை அதனைக் கிரேக்க வழிச் சொல்லாகக் கொண்டு, நூலின் காலத்தைப் பின்தள்ளும் சான்றுகளுள் ஒன்றாக்கினார். மறுத்தோர், சங்கப் பாடல்களில் ஓரை மகளிர் விளையாட்டு என்பதைக் காட்டினர். அது உண்மையே. எனினும் களவியலில் அச்சொல் 'நாள்' என்பதோடு இணைந்து நிற்பதால் காலப்பொருளே இயல்பாகப் பொருந்துகிறது. அதற்காக ஒரு நூற்பாவின் ஒரு சொல்லைக் கொண்டு முழு நூலுக்கும் ஆண்டு குறிப்பது மிகை. அந்நூற்பா இடைச்செருகலாகவும் இருக்கலாம்.