பரம்பிக்குளத்தில் நீங்க பார்க்குறது எல்லாமே இயற்கைக் காடா?

டாப்ஸ்லிப் வழியா பரம்பிக்குளம் போயிருக்கீங்களா? வழியில் வரிசையாக நிற்கும் தேக்கு, நட்டு வளர்த்த தோட்டம்.

பாலக்காடு மாவட்டத்தின் இந்தக் காட்டில் 1907 முதல் பல ஆண்டுகள் மரம் ஏற்றிச் செல்லவே டிராம் ஓடியது. சாலக்குடிவரை ரயில் பாதை! வெட்டிய இடங்களில் தேக்கு நட்டார்கள். 1960-களில் அணைகள் வந்தன, பள்ளத்தாக்குகள் மூழ்கின. (அந்தத் தண்ணிதான் பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்கு வருது.)

சரணாலயம் ஆனது 1973-ல், புலிகள் காப்பகம் ஆனது 2010-ல். மரம் வெட்டுவது நின்றாலும் தேக்குத் தோட்டம் அப்படியே இருக்கு. கோடையில் உதிரும் அதன் சருகு, காட்டுத்தீக்குத் தீனி.

ஆனா, அரசுக் கணக்கில் இது தெரியாது. 1 ஹெக்டேர் பரப்பு, 10% மரக்கவிகை இருந்தாலே 'வனப்பரப்பு'தான். என்ன மரம், யார் நட்டதுன்னு அந்தக் கணக்கு கேட்பதில்லை.