பெட்டிக்குள் உதிரும் சப்பாத்துகள்

1998ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் திகதி நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டனில் சிக்காகோ புல்ஸ் அணிக்காக விளையாட வந்த மைக்கல் ஜோர்டான் காலில் போட்டிருந்தது புதுச் சப்பாத்து அல்ல. 1985இல் அவருடைய பெயரில் கடைக்கு வந்த முதலாவது எயார் ஜோர்டான். பதின்மூன்று வருசப் பழசு. புல்ஸ் ஆட்டக்காரனாக அந்த அரங்கில் இதுதான் கடைசி ஆட்டம் என்று நினைத்து, பழைய ஞாபகத்துக்காகப் போட்டுக்கொண்டு வந்தார். 42 புள்ளிகள் எடுத்தார். சப்பாத்து அளவு சின்னன், கால் புண்ணாகி இரத்தம் வந்தது என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார்.

கூடைப்பந்து ரசிகர்கள் இந்தக் கதையில் 42ஐப் பார்ப்பார்கள். எனக்கு ஆச்சரியம் வேறு. கிட்டத்தட்ட நூறு கிலோ மனிதர் ஒருவர் பதின்மூன்று வருசப் பழைய சப்பாத்தோடு ஒரு முழு ஆட்டம் பாய்ந்து விழுந்து எழும்பியிருக்கிறார். கால் கிழிந்ததே தவிரச் சப்பாத்துக் கிழியவில்லை. ஆனால் மூன்று வருசம் பிந்தி, 1988இல், இன்னும் நல்ல தொழில்நுட்பத்தோடு வந்த மூன்றாவது ஜோர்டானில் ஒரு அசல் சோடியை இன்றைக்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டால், தெருமுனை தாண்ட முதல் அடி துண்டு துண்டாகக் கழன்று விழும். ஒருநாள்கூடப் போடாத சோடியாக இருந்தாலும் அப்படித்தான்.

இந்த விசயத்தை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது எங்கள் குசினியில் கோப்பை கழுவும் அண்ணை ஒருவரால். 2006இல், வன்னியில் இருந்த தன்ரை தம்பியின் பெடியனுக்கு ஒரு ஓட்டச் சப்பாத்து வாங்கினவர். பெடியன் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடுறவன். கால் அளவு தெரியவேணும் என்று கடுதாசியில் காலை வைத்துப் பென்சிலால் கீறி அனுப்பியிருந்தார்கள் (எங்கள் ஆட்களில் அந்தக் கடுதாசியைக் காணாதவர் யார்?). அந்த ஆவணி மாதம் ஏ9 பாதை மூடப்பட்டது. பிறகு 2009. பெட்டி பேஸ்மென்ற்றில் தங்கிவிட்டது. அண்மையில் வீடு மாறும்போது திறந்து பார்த்தால் மேல்பக்கம் பளபளவென்று புதுசு. தூக்கினதும் அடிப்பாகம் பிண்ணாக்கு மாதிரி உதிர்ந்து பெட்டிக்குள் கொட்டியது. கால் கீறின கடுதாசியும் உள்ளேதான் இருந்தது. பென்சில் கோடு அழியாமல்.

"உவங்கள் எனக்கு அண்டைக்குக் கள்ளச் சாமானைத் தள்ளிவிட்டிருக்கிறாங்கள் தம்பி" என்றார் அண்ணை.

"இல்லை அண்ணை, அது நல்ல சாமான். அதாலதான் இப்பிடி" என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்கு அன்று பாதிதான் சொல்ல முடிந்தது, ஓடர் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் றப்பர். 1830களில் அமெரிக்காவின் பொஸ்ரன் பக்கத்தில் பிரேசில் றப்பரால் செய்த சப்பாத்துகளுக்குப் பெரிய மோகம் இருந்தது. கோடை வந்தால் அது உருகி ஒட்டும், நாறும். குளிர் வந்தால் கல்லாகும். சார்ள்ஸ் குட்இயர் என்ற கடன்காரர் (உண்மையிலேயே கடனுக்காகச் சிறை போனவர்) றப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால் இரண்டு கரைச்சலும் தீரும் என்று 1839இல் கண்டுபிடித்தார். சூடான அடுப்பில் தவறுதலாக விழுந்து கண்டுபிடிக்கப்பட்டது என்பது கதை. அடுப்படியில் நிற்கிறவன் என்றபடியால் எனக்கு அந்தக் கதை பிடிக்கும். 1844இல் காப்புரிமை எடுத்தார், 1860இல் கடனோடேயே செத்தார். எங்கள் உயர்தர இரசாயனப் புத்தகத்தில் 'வல்கனைசுப்படுத்தல்' என்று படித்தோமே, அதுதான் இது. றப்பரின் நீண்ட சங்கிலிகளுக்கு நடுவே கந்தகம் குறுக்குப் பாலம் போடுகிறது.

அந்தப் பாலத்தின்மேல்தான் விளையாட்டுச் சப்பாத்தின் முதல் நூறு வருசமும் நடந்தது. இங்கிலாந்தின் கன்வஸ் சப்பாத்து, 1916இல் வந்த கெட்ஸ், 1917இல் வந்த கொன்வேர்ஸ் ஓல்ஸ்ரார் எல்லாமே துணியும் வல்கனைசுப்படுத்திய றப்பரும்தான்.

இந்த இடத்தில் எங்கள் பக்கமும் வருகிறது. பிரேசிலில் இருந்து ஹென்றி விக்ஹாம் கொண்டுவந்த விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, 1876இல் கன்றுகளைக் கப்பலில் இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை வளர்ந்தன. பிறகு இலங்கையிலும் மலாயாவிலும் காடுகள் றப்பர்த் தோட்டங்களாயின. மலாயாவில் விடியப்புறம் எழும்பி மரத்தில் பால் வெட்டியவர்களில் பெரும்பங்கினர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். கந்தோரில் இருந்து கணக்கு எழுதியவர்களில் யாழ்ப்பாணத்தார் கனபேர். 'மலாயன் பென்சனியர்' கட்டின கல்வீடுகளைப் பற்றிப் பெருமையாகக் கதைக்கும் எங்கள் ஊரில், பால் வெட்டியவர்களைப் பற்றி ஒருவரும் பெரிதாகக் கதைத்து நான் கேட்டதில்லை. நிற்க.

றப்பரும் முதுமையடையும். காற்றிலுள்ள ஒட்சிசன் அதை மெல்ல மெல்ல இறுக்கும். ஓசோன், மிகச் சிறிய அளவில் இருந்தாலே போதும், இழுபட்டு நிற்கும் றப்பரைத் தேடிப்போய் வெட்டும். அதனால்தான் வெடிப்புகள் எப்போதும் மடிப்பில் வரும். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது என்னுடைய வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து வீட்டில் நின்றுவிட்டது. 2002இல் பாதை திறந்து போய்ப் பார்த்தபோது கூரை பாதிதான் இருந்தது, சப்பாத்து இருந்தது. துணி பழுத்து, விரல் மடியும் இடத்தில் கோடு கோடாக வெடித்து, றப்பர் விறைத்துப்போய்... ஆனால் அது இன்னமும் சப்பாத்துத்தான். ஏழு வருச மழையும் வெயிலும் அதை முகம் சுருங்கின கிழவராக்கியதே தவிர மண்ணாக்கவில்லை.

அப்படியானால் அண்ணையின் சப்பாத்துக்கு என்ன நடந்தது? அதற்கு ஜெர்மனிக்குப் போகவேண்டும். 1937இல் லெவர்குசன் நகரில் ஒட்டோ பாயர் என்ற இரசாயனவியலாளரும் கூட வேலை செய்தவர்களும் பொலியூரித்தேன் என்ற பல்பகுதியத்தை உருவாக்கினார்கள். அதை நுரையாகவும் பொங்கவைக்கலாம். பாண் மா பொங்குவது போலத்தான், உள்ளே வாயு உண்டாகி ஊதும். மெத்தை, கதிரை, கார் இருக்கை என்று போய், பிறகு சப்பாத்து அடிக்குள்ளும் நுழைந்தது.

ஓட்டப் பயிற்றுநர் பில் பவர்மன் 1971இல் மனைவியின் வஃபிள் சுடும் அச்சுக்குள் ஊற்றிப் பார்த்ததும் யூரித்தேன்தான். அச்சு இரண்டும் ஒட்டிக்கொண்டு திறக்கவே முடியாமல் போனது (எங்கள் குசினியில் யாராவது அப்படிச் செய்திருந்தால் அன்றோடு வேலை போயிருக்கும்). அந்த யோசனையிலிருந்து வந்த 'மூன் ஷூ' 1972இல் ஓட்டக்காரர் சிலருக்காகக் கையால் செய்யப்பட்டது. அதில் போடாத சோடி ஒன்று 2019இல் சோதபீஸ் ஏலத்தில் 437,500 டொலருக்குப் போனது. வாங்கினவர் அதைப் போட்டு ஓடிப் பார்க்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

1970களில் வீதியோரம் ஓடும் பழக்கம் அமெரிக்காவில் பரவியபோது கொம்பனிகளுக்குள் பெரிய போட்டி: யாருடைய அடி மெத்து? 70களின் நடுவில் புரூக்ஸ் கொம்பனி ஈ.வி.ஏ. என்ற இலேசான நுரையைக் கொண்டுவந்தது. நல்ல மெத்து, ஆனால் ஓட ஓடச் சப்பையாகிவிடும். பொலியூரித்தேன் கொஞ்சம் பாரம், ஆனால் ஆயிரக்கணக்கான தடவை மிதித்தாலும் திரும்பி எழும்பும். விண்வெளித்துறையில் பொறியியலாளராக இருந்த பிராங் ரூடி வாயுப் பை யோசனையோடு நைக்கியிடம் போனபோது, அந்தப் பையைச் சுற்றி வைத்ததும் பொலியூரித்தேன் நுரைதான். 1978இல் ரெயில்விண்ட். 1987இல் பக்கத்தில் யன்னல் வெட்டிக் காற்றைக் காட்டிய எயார் மக்ஸ். அடுத்த வருசம் மூன்றாவது ஜோர்டான். ஆக, உழைக்கவேண்டும் என்றுதான் அதைத் தெரிவுசெய்தார்கள். 1985இன் முதல் ஜோர்டானுக்கோ வெளி அடி கிண்ணம் போன்ற ஒரே றப்பர். பழைய முறை. அதனால்தான் 1998இல் அது மனிதரைத் தாங்கியது.

இனி நான் இரண்டு வருசம் படித்து, 2006இல் பாதியில் விட்டுவிட்டு வந்த இரசாயனம். இந்த நுரைகளில் பல எசுத்தர் வகைப் பொலியூரித்தேன். அமிலமும் அல்ககோலும் சேர்ந்து நீரை வெளியே தள்ளினால் எசுத்தர். அதே நீர் திரும்பி உள்ளே வந்தால் எசுத்தர் உடைந்து பழையபடி அமிலமும் அல்ககோலும். நீர்ப்பகுப்பு. மழையில் நனையவேண்டியதில்லை, காற்றிலுள்ள ஈரலிப்பே போதும். நுரை என்பதால் காற்று உள்ளே போய்வரத் தடையும் இல்லை. இதில் பொல்லாத பகுதி என்னவென்றால், உடையும்போது உண்டாகும் அமிலம் அடுத்த உடைவுக்கு ஊக்கியாகிறது. எனவே தாக்கம் ஒரே வேகத்தில் போகாது. வருசக்கணக்காக ஒன்றும் தெரியாது, பிறகு கொஞ்சக் காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு உதிரும். சங்கிலியின் முதுகெலும்பிலேயே எசுத்தர் இருப்பதால் ஒரு பிணைப்பு அறுந்தால் சங்கிலியே அறுந்தமாதிரி. ஈ.வி.ஏ.யிலும் எசுத்தர் இருக்கிறது, ஆனால் அது பக்கத்தில் தொங்குகிறது, முதுகெலும்பில் இல்லை. அதனால் ஈ.வி.ஏ. சுருங்கும், இறுகும், உதிராது. (அதை ஒட்டின பசை விட்டு அடி முழுசாகக் கழருவது இன்னொரு கதை. பசையும் பெரும்பாலும் பொலியூரித்தேன்தானே.)

ஈதர் வகைப் பொலியூரித்தேன் ஈரலிப்பைக் கூடத் தாங்கும். ஆனால் தேய்வுக்கும் கிழிவுக்கும் எசுத்தர் வகைதான் திறம். கொம்பனி யோசிப்பது இரண்டு மூன்று வருசம் காலில் கிடந்து தேயப்போகும் சப்பாத்தைப் பற்றி. பதினேழு வருசம் ஒரு பெட்டி ஒருவருக்காகக் காத்திருக்கும் என்று எந்தத் தொழிற்சாலையும் கணக்குப் போடுவதில்லை.

மலையேறும் சப்பாத்துச் செய்யும் ஜெர்மன் கொம்பனிகள் இதை மறைப்பதுமில்லை. பொலியூரித்தேன் அடிக்கு எட்டுப் பத்து வருசம் என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. வைத்திருப்பதைவிட அடிக்கடி போடுவது நல்லது, நடக்கும்போது அமுங்கி எழும்பி ஈரலிப்பு வெளியே போகும் என்றும் சொல்கின்றன. பெட்டி, மெல்லிய கடுதாசி, இருட்டு எல்லாம் சப்பாத்தின் நிறத்தைத்தான் காப்பாற்றும். வெயில் படாததால் மஞ்சளாவது குறையும். ஈரலிப்புக்கு மட்டைப்பெட்டி ஒரு தடையா? அதுவும் ரொறன்ரோக் கோடையில், பேஸ்மென்ற்றில்!

பணமுள்ளவர்களும் இதில் தப்பவில்லை. 1989இல் வந்த 'பாக் ரு த ஃபியூச்சர்' இரண்டாம் படத்துக்காக நைக்கி செய்த எதிர்காலச் சப்பாத்தில் ஒன்று, சோடியல்ல ஒற்றைச் சப்பாத்து, அடி உதிர்ந்த நிலையிலேயே 2018இல் 92,100 டொலருக்கு விற்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் சப்பாத்து என்று படத்தில் காட்டப்பட்டது அந்தளவும் தாக்குப்பிடிக்கவில்லை. சேகரிப்பவர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். கொம்பனி பழைய மாதிரியைத் திரும்ப வெளியிடும்போது அந்தப் புதுச் சோடியின் அடியைக் கழற்றிப் பழைய மேல்பக்கத்தில் ஒட்டுவது. அந்த அடியும் பொலியூரித்தேன் என்றால் இன்னும் சில வருசத்தில் மறுபடி இதே வேலை.

இங்கே புளோர் வீதியில் 1995இலிருந்து பாட்டா சப்பாத்து அருங்காட்சியகம் இருக்கிறது. 2013இல் விளையாட்டுச் சப்பாத்துகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார்கள், பிறகு அது புரூக்ளினுக்கும் போனது. ஆயிரக்கணக்கான வருசப் பழைய செருப்புகள் அருங்காட்சியகங்களில் முழுசாக இருக்கின்றன. நார், தோல், மரம். அவற்றைவிட 1980களின் நுரைச் சப்பாத்துதான் பராமரிப்பவர்களுக்குத் தலையிடி. குளிராக, உலர்வாக, இருட்டாக வைத்தால் தாக்கத்தை மெதுவாக்கலாம். உடைந்த சங்கிலியைத் திரும்பப் பொருத்த வழியில்லை.

எங்கள் வீடுகளில் இப்படி எத்தனை பெட்டிகள் இருக்கும்? ஊருக்குப் போகும்போது போட, கலியாணத்துக்குப் போட, ஆரும் வந்தால் கொடுக்க என்று. ஒருக்கால் திறந்து, அடிப்பக்க நுரையைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி உடனே எழும்பினால் இன்றைக்கே போடுங்கள், அல்லது கால் பொருந்துகிற ஒருவருக்குக் கொடுங்கள். பிசுபிசுத்தாலோ, அழுத்தின இடத்தில் மெல்லிய வெடிப்பு விழுந்தாலோ, அதைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறவேண்டாம். கட்டுநாயக்காவில் இறங்கி வரிசையில் நிற்கும்போது அடி பின்னுக்கு நின்றுவிடும்.