கருப்பைவாய்ப் புற்றுநோய்: அறுவை முறைகள்

கருப்பைவாயைத் தாண்டாத தொடக்கநிலைப் புற்றுநோய்க்குப் பெரிய அறுவை என்றால், கருப்பையோடு அதன் இருபக்கத் திசுக்கள், யோனியின் மேற்பகுதி, இடுப்பு நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் எடுப்பது. வியன்னாவில் 1898இல் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் வயிற்றைத் திறந்து இதைச் செய்தார்.

பின்னாளில் துளைவழி அறுவைகளான லேப்ராஸ்கோப்பியும் ரோபோ முறையும் வந்தன. சிறு துளை, குறைந்த இரத்த இழப்பு, சீக்கிரம் வீடு திரும்பலாம். இவற்றை நம்பி, முறையான ஒப்பீட்டுக்குக் காத்திராமலே அவை பரவிவிட்டன, அவசரம்தான். இரு முறைகளையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான 'லாக்' ஆய்வு அந்த நம்பிக்கையை உலுக்கியது. 631 பெண்கள் பங்கேற்ற அதில், நோயின்றி 4.5 ஆண்டு வாழ்ந்தோர் திறந்த அறுவையில் 96.5%, துளைவழி அறுவையில் 86%. காரணம் என்ன? துளைவழி அறுவையில் கருப்பையை அசைக்க உள்ளே செருகும் கருவி கட்டியை நசுக்கியிருக்கலாம். யோனியை வயிற்றுக்குள்ளிருந்தே வெட்டுகையில் புற்றணுக்கள் சிந்தியிருக்கலாம். இவை ஊகங்களே.

கட்டி 2 செ.மீ.க்கு மிகாமல், ஆழமாக ஊடுருவாமலும் இருந்தால் இவ்வளவு எடுக்கத் தேவையில்லை. 2024இல் வெளியான 'ஷேப்' ஆய்வில் சாதாரணக் கருப்பை அகற்றத்துக்குப் பின் 3 ஆண்டில் இடுப்பில் நோய் திரும்பியது 2.52%; பெரிய அறுவைக்குப் பின் 2.17%. சாதாரண அகற்றத்தில் சிறுநீர்த் தொல்லையும் குறைவு. குழந்தை வேண்டுவோரில் தகுந்தவர்களுக்குக் கருப்பைவாயை மட்டும் அகற்றுவதுண்டு. கட்டி கருப்பைவாயைத் தாண்டி அருகிலுள்ள திசுக்களுக்குப் பரவிவிட்டால் அறுவை அல்ல, கீமோதெரபியுடன் கூடிய கதிர்வீச்சே வழக்கமான சிகிச்சை.