மொய்: தீராத கணக்கு

மொய் என்ற சொல்லின் பழைய பொருள்களில் பணம் இல்லை. நெருக்கம், கூட்டம், வலிமை என்பவையே அதன் பழம்பொருள்கள். பூவை வண்டு மொய்ப்பதும் பலகாரத்தை ஈ மொய்ப்பதும் அந்த வேரிலிருந்து வந்தவைதாம். விசேஷ வீட்டில் சுற்றமும் ஊரும் கூடித் தரும் பணத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. திருநெல்வேலிப் பக்கம் சுருள், மதுரை வட்டாரத்தில் செய்முறை எனப் பெயர் மாறினாலும் காரியம் ஒன்றுதான்.

இதன் பிறப்பிடம் விவசாயக் குடும்பத்தின் பணமுடை. அறுவடை முடிந்தால்தான் கையில் காசு புரளும். கல்யாணமோ ஒரே வாரத்தில் ஓராண்டு வருமானத்தை விழுங்கும். வங்கி எட்டாத தூரத்தில் இருந்தது. வட்டிக்கடைக்காரர் மட்டும் பக்கத்திலேயே இருந்தார். ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே ஆண்டில் கல்யாணம் வருவதில்லை என்பதால், இந்த ஆண்டு பத்து வீடு சேர்ந்து ஒரு வீட்டைத் தாங்கும். அடுத்த ஆண்டு அந்த வீடும் சேர்ந்து வேறொன்றைத் தாங்கும். காசு பெருகாத காலத்தில் அரிசி மூட்டை, வாழைத்தார், காய்கறி, விறகு, பந்தல் வேலைக்கு ஆள் என்று அது பொருளாகவும் உழைப்பாகவும் வந்து சேர்ந்தது. ஒரு விதத்தில் இது சீட்டுதான். ஏலமும் தள்ளுபடியும் மட்டும் இல்லை.

மொய் எழுதும் இடத்தைப் பார்த்தாலே இதன் இயல்பு விளங்கும். பந்தல் ஓரத்தில் ஒரு மேசை, இரண்டு ஆட்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணித் தாம்பாளத்தில் போடுவார். மற்றவர் எழுதுவார். கையெழுத்து நன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஊரின் சொந்தபந்தம் முழுவதும் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். நோட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள், உச்சியில் பிள்ளையார் சுழி, முதல் வரியில் பெரும்பாலும் குலதெய்வத்தின் பெயர். பிறகு ஊர், தகப்பன் பெயரின் முதலெழுத்து, பெயர், தொகை. ஒரே ஊரில் நான்கு முருகேசன்கள் இருந்தால் ‘டிரைவர்’, ‘டீக்கடை’, ‘மேலத்தெரு’ என்று அடையாளம் சேரும். முப்பது ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தாலும் ஆள் யாரென்று தெரிய வேண்டும் அல்லவா. விசேஷம் முடிந்ததும் நோட்டு பத்திரத்தோடு பத்திரமாகப் பெட்டிக்குள் போகும். ஒரு பத்திரிகை வந்தால் வெளியே வரும். “நமக்கு அவங்க என்ன செஞ்சிருக்காங்க?” என்பதே வீட்டில் எழும் முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் மனநிலையைச் சமூக அறிவியல் இருபதாம் நூற்றாண்டில்தான் முறையாக ஆராயத் தொடங்கியது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையில், பழைய சமூகங்களில் கொடுப்பது, பெறுவது, திருப்புவது ஆகிய மூன்றுமே கடமைகள் என்று காட்டினார். விருப்பத்தின் பேரில் நடப்பதுபோலத் தோன்றுவது உண்மையில் கட்டாயம் என்பது அவர் முடிவு. 1960இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆல்வின் கூல்ட்னர், பெற்றதைத் திருப்ப வேண்டும் என்ற நெறி ஏறத்தாழ எல்லாச் சமூகங்களுக்கும் பொது என்று வாதிட்டார்.

1971இல் அமெரிக்க உளவியலாளர் டென்னிஸ் ரீகன் இதைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். சோதனைக்கு வந்த மாணவருடன் சக மாணவர்போல நடிக்கும் ஒருவர் இருப்பார். அவர் இடைவேளையில் வெளியே போய், கேட்காமலேயே ஒரு கோக் வாங்கிவந்து தருவார். சற்று நேரம் கழித்துத் தம்மிடம் பரிசுச்சீட்டு வாங்கச் சொல்வார். கோக் பெற்றவர்கள், பெறாதவர்களைப்போல ஏறக்குறைய இரு மடங்கு சீட்டு வாங்கினார்கள். இன்னொரு விஷயமும் தெரியவந்தது. கோக் பெறாதவர்கள் சீட்டு வாங்கியது அந்த ஆளைப் பிடித்திருந்ததா என்பதைப் பொறுத்திருந்தது. பெற்றவர்களிடம் அந்த வேறுபாடு மங்கிப்போனது. பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளி வீட்டுக்கும் ஆள் மூலம் மொய்யைக் கொடுத்தனுப்பும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. பிரியம் போனாலும் கடன் நிற்கும்.

ஆனால் மொய்யை வெறும் கடன் என்று கொண்டால் அதன் நுட்பம் பிடிபடாது. கடனில் வாங்கியதைத் திருப்பிவிட்டால் உறவு முடிந்தது. மொய்யில் 500 ரூபாய் வாங்கியவர் 500 ரூபாயை மட்டும் திருப்பினால், பல ஊர்களில் அதற்கு ‘இனி உன் சங்காத்தம் வேண்டாம்’ என்று பொருள். 1,000 செய்தால் பாதி பழைய மொய்க்கு ஈடு, மறுபாதி புது மொய். இப்போது கடன்பட்டவர் மாறிவிட்டார், கணக்கு திறந்தே இருக்கிறது. இருவரில் யாரோ ஒருவர் எப்போதும் கொஞ்சம் பாக்கி வைத்திருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

அந்தக் கூடுதல் தொகைக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. 1970இல் ஒரு பவுன் தங்கம் 150 ரூபாயை ஒட்டி விற்றது. அன்று 51 ரூபாய் செய்தவர் பவுனில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தார். கால் நூற்றாண்டு கழித்து அதே 51 திரும்பி வந்தால் வாங்குபவரின் முகம் சுருங்காதா? மொய்யில் வட்டி கிடையாது என்பார்கள். வட்டியின் வேலையைக் கூச்சம் செய்துவிடுகிறது.

51, 101, 501, 1,001 என்று தொகைகள் ஒன்றில் முடிவதும் இந்த மனநிலையோடு சேர்ந்ததே. பூஜ்யத்தில் முடிந்தால் அது முற்றுப்புள்ளி, ஒரு ரூபாய் சேர்ந்தால் தொடர்ச்சி என்பது பரவலான விளக்கம். அது பின்னால் கற்பித்ததாகவே இருக்கட்டும், திருப்பும்போது கூட்டித் தரும் பழக்கத்தோடு அச்சாகப் பொருந்துகிறது.

திருவள்ளுவர் இந்தக் கணக்குக்கு ஒத்துவர மாட்டார். ‘ஒப்புரவறிதல்’ அதிகாரத்தை அவர் தொடங்குவதே, மழைக்கு உலகம் என்ன திருப்பித் தருகிறது என்று கேட்டுத்தான். கைம்மாறு கருதாத கொடை அவர் இலட்சியம். மொய்யோ கைம்மாற்றையே அடித்தளமாகக் கொண்டது. ஊர் இரண்டையும் போற்றிக்கொண்டு, நோட்டை மட்டும் பத்திரப்படுத்தியது.

பார்வையாளர் இருப்பதும் தொகையைக் கூட்டும். சில ஊர்களில் மொய்யை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். 2006இல் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பிக்குத் தாமே காசு போடும் பெட்டிக்கு மேலே ஒரு வாரம் பூப்படமும் மறுவாரம் கண்களின் படமும் ஒட்டிப் பார்த்தார்கள். கண்கள் இருந்த வாரங்களில் ஏறத்தாழ மூன்று மடங்கு காசு விழுந்தது. படத்துக்கு அவ்வளவு வலு உண்டா என்று பின்னர் வந்த ஆய்வுகள் ஐயம் எழுப்பின. ஒலிபெருக்கியின் வலுவைப் பற்றி எந்த ஊரிலும் ஐயம் இல்லை. இதற்கு நேரெதிர், சாப்பிட்டவர் இலைக்கடியில் பணத்தை வைத்துவிட்டு எழுந்துபோகும் முறை. 1992இல் வந்த ‘சின்ன கவுண்டர்’ படத்தின் மொய் விருந்துக் காட்சியால் அதைத் தமிழ்நாடே அறிந்தது. யார் எவ்வளவு வைத்தார் என்பது தெரியாததால், அதை உதவி என்று சொல்லலாம். கணக்கு என்று சொல்ல முடியாது.

கணக்கின் உச்சம் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் மொய் விருந்து. பேராவூரணிப் பக்கம் தொடங்கிக் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று பரவிய இதற்குக் கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை. ஆடியிலும் ஆவணியிலும் பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். செலவைக் குறைக்கப் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி நோட்டு. 2019இல் வடகாட்டில் ஒரு விவசாயிக்கு 4 கோடி ரூபாய் வசூலானதாகச் செய்தித்தாள்கள் எழுதின. பணம் எண்ணும் இயந்திரமும் காவலுக்கு ஆளும் அங்கே வழக்கமாகிவிட்டன. அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு வெட்டுவார்கள், நிலம் வாங்குவார்கள், பிள்ளையைப் படிக்கவைப்பார்கள். கேரளத்தின் வடகரை, நாதாபுரம் பகுதிகளில் மலையாளிகளிடம் ‘பணப்பயற்று’ என்ற பெயரில் இதன் உடன்பிறப்பு உண்டு. அங்கே கறி விருந்துக்குப் பதில் தேநீரும் பலகாரமும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கஷ்டப்பட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தச் சக்கரம் சுழல்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல் அந்த நம்பிக்கையை உடைத்தது. ஒரே இரவில் வட்டாரம் முழுவதும் தென்னை சாய்ந்தது. வாங்கியவருக்குத் திருப்ப வழியில்லை, கொடுத்தவருக்கும் பொறுக்க வழியில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கு பந்தலையே தடுத்தது.

அன்றாட வாழ்விலும் சுமை உண்டு. பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்துவிட்ட ஓய்வூதியர், வாங்க வாய்ப்பில்லாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். போட்டதை எடுக்கவே விசேஷம் வைப்பவர்களும் உண்டு. பத்திரிகையில் ‘மொய் தவிர்க்கவும்’ என்று அச்சிடுவது பெருந்தன்மைபோலத் தெரியும். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே கடன்பட்டவர்களுக்கு அது தர்மசங்கடம். இறக்கிவைக்க இடமில்லாத பாரம் தலையிலேயே தங்கிவிடும்.

அப்பாவின் காலத்துக்குப் பிறகு பாகப்பிரிவினை நடக்கும்போது, எந்த மொய்யை எந்த மகன் திருப்புவது என்றும் பேசி முடிக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. எழுத்து கணினிக்கு மாறி, பணம் கட்டியவருக்கு அச்சிட்ட ரசீதும் வருகிறது. ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டியே மொய்க் கவர்கள் கடையில் கிடைக்கின்றன. மேசையில் வைத்த க்யூஆர் அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்துப் பணம் அனுப்புகிறவர்களும் 1,000 என்று தட்டுவதில்லை. 1,001 என்றுதான் தட்டுகிறார்கள்.