சுக்கானுக்கு ஒரு துளை: தீவகப் படகுகளும் திருத்த வேலையின் வரலாறும்

குமுதினி எண்டு சொன்னதும் எங்களுக்கு ஞாபகம் வருவது 1985 மே 15. அன்று நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட அந்தப் பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். உயிர் தப்பியவர்கள் கடற்படையினரைக் குற்றஞ்சாட்டினார்கள், அரசு மறுத்தது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஒவ்வொரு மே மாதமும் இதை நினைவுகூருகிறோம். நினைவுகூரத்தான் வேணும்.

ஆனா குமுதினியின் கதை அந்த நாளோடு முடியேல்லை. அதே படகு அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அதே கடலில் சனத்தை ஏற்றி இறக்கியது. பழுதாகும், திருத்துவார்கள், திரும்ப ஓடும். இந்தப் பகுதியை நாங்கள் பெரிசா எழுதுவதில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். கட்டினதும் வரலாறு, போனதும் வரலாறு. இடையில் ஆர் கலப்பத்து அடித்தது, ஆர் ஒழுக்கை நிறுத்தியது எண்டு கேட்டால் பதில் இல்லை.

இந்தக் கட்டுரை அப்படி ஒரு திருத்த வேலையைப் பற்றியது. படகின் பின்பக்கத்தில், பலகைக்கு அடியில், ஒருவர் கண்ணிலும் படாமல் இருக்கும் ஒரு சின்ன வெண்கலப் பெட்டி. சுக்கான் தண்டின் ஸ்டஃபிங் பொக்ஸ்.

பழைய வள்ளங்களில் இப்படி ஒரு சாமான் தேவைப்படவில்லை. சுக்கான் எண்ட சொல்லே அரபியிலிருந்து கடல் வழியாக வந்தது. பாய் வள்ளத்தில் அது பின்பக்கத்துக்கு வெளியே, கதவு கீலில் தொங்குவது போலத் தொங்கும். கழற்றிக் கரையில் வைக்கலாம். பலகை இணைப்புகளில் தண்ணி கசியுமே தவிர, ஓடாவி வேணுமெண்டு போட்ட துளை எதுவும் தண்ணிக்குக் கீழே இல்லை.

இயந்திரம் வந்ததும் இது மாறியது. உள்ளே இருக்கும் இயந்திரம் வெளியே இருக்கும் புரொப்பெல்லரைச் சுற்ற வேண்டும். அதுக்கு ஒரு தண்டு, தண்டுக்கு ஒரு துளை. சுக்கானும் புரொப்பெல்லருக்குப் பின்னால் படகின் அடிக்குப் போனது. அதன் தண்டு மேலே ஏறி உள்ளே வர இன்னொரு துளை. தண்டு திரும்பவும் வேணும், தண்ணி வரவும் கூடாது. இதுக்கான விடை கடலில் பிறக்கவில்லை. 1769 இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தின் உருளையை மேலே மூடினார். மூடியின் ஊடாகத் தண்டு ஏறி இறங்க வேண்டும், நீராவி தப்பக் கூடாது. தண்டைச் சுற்றி ஒரு கிண்ணம், அதுக்குள் கொழுப்பில் ஊறின நார்க் கயிறு, மேலிருந்து இறுக்க ஒரு மூடி. 1839 இல் ஆர்க்கிமிடிஸ் எண்ட கப்பல் திருகு புரொப்பெல்லரால் கடலில் ஓடிக் காட்டிய பிறகு, இதே உபாயம் கப்பலின் அடிக்கும் இன்றியமையாததாகிவிட்டது.

எங்கட பக்கம் மீன்பிடி வள்ளங்களுக்கு இயந்திரம் பூட்டும் அரச திட்டம் 1950களின் கடைசியில் தொடங்கியது. உள்ளே டீசல் இயந்திரம் பூட்டிய மூன்றரைத் தொன் வள்ளங்கள் வந்தன. 1967 அளவில் நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர், காரைநகரில் படகு கட்டும் தளம் அமைத்தது. பிறகு பரவிய ஃபைபர் கிளாஸ் வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பாருங்கள்: புரொப்பெல்லரும் சுக்கானும் ஒரே சாமானாகப் பின்பக்கம் தொங்கும். அடியில் துளை இல்லை. ஒரு வகையில் பழைய வள்ளத்துக்கே திரும்பிப் போனது. நிறையச் சனத்தை ஏற்றும் படகுக்கு அது காணாது. அதனால் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போற ஆக்கள் இன்றும் துளை உள்ள படகையே நம்பிப் போகிறார்கள்.

ஒரு பழைய படகில் இந்தப் பெட்டியைத் திருத்துவது எப்படி? வேலை சின்னது, அவசரப்பட்டால் கெட்டுவிடும். முதலில் படகைக் கரையேற்ற வேண்டும். மூடியைத் தளர்த்தி மேலே தூக்கி, உள்ளே இறுகிக் கிடக்கும் பழைய பக்கிங் முழுவதையும் கொக்கியால் கிளறி எடுக்க வேண்டும். பழையதின் மேல் புதியதை வைப்பதுதான் வழக்கமான குறுக்குவழி. கொஞ்ச நாள் நிற்கும், பிறகு ஒழுகும். தண்டில் பள்ளம் விழுந்திருக்கா எண்டு நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் எந்தப் பக்கிங்கும் நிற்காது. உலோகம் சிவந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் உப்புத் தண்ணி அதிலுள்ள நாகத்தைத் தின்றுவிட்டது எண்டு அர்த்தம். அதை மாற்றத்தான் வேணும்.

பிறகு கிரீஸ் ஊறின சதுரக் கயிற்றை வளையம் வளையமாக வெட்டி ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஒரு வளையத்தின் பொருத்து அடுத்ததின் பொருத்துக்கு நேரே வரக் கூடாது, வந்தால் தண்ணிக்கு நேர்வழி கிடைத்துவிடும். கடைசியில் மூடியைச் சமமாக இறுக்க வேண்டும். கூட இறுக்கினால் சுக்கான் திரும்பாது. வேகமாகச் சுழலும் புரொப்பெல்லர் தண்டு சூடாகாமல் இருக்க அதன் பெட்டியில் சில துளிகள் சொட்ட விடலாம். சுக்கான் தண்டு அப்படிச் சுழலுவதில்லை. அதன் பெட்டி காய்ந்தே இருக்க வேண்டும்.

இதில் எங்கட தீவுகளுக்கு முக்கியமான விசயம் ஒன்று. பல படகுகளில் இந்தப் பெட்டி, வெறும் படகு நிற்கும்போது நீர்மட்டத்துக்கு மேலேதான் இருக்கும். துறையில் கட்டியிருக்கும்போது பார்த்தால் ஒரு துளியும் வராது. சனமும் சாமானும் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்து, இயந்திரமும் வேகம் எடுக்கும்போது அது தண்ணிக்குள் போகும். அதாவது சோதிக்கும்போது ஒழுகாது, ஆக்கள் இருக்கும்போதுதான் ஒழுகும். நயினை அம்மன் திருவிழாவுக்கு நெருக்கியடித்து ஏறும்போது இதை நினைத்துப் பாருங்கள். அளவுக்கு மேல் ஆக்களை ஏற்றுவது படகு கவிழுமெண்ட பயம் மட்டும் இல்லை, பழுதான பக்கிங்கைத் தண்ணிக்குள் அமுக்குவதும்தான்.

பெரிய கப்பலுக்கும் பலவீனமான இடம் இதே பக்கம்தான். 2008 மார்ச்சில் பெரிங் கடலில் அலாஸ்கா ரேஞ்சர் எண்ட மீன்பிடிக் கப்பல் மூழ்கியது. 47 பேரில் 5 பேர் இறந்தார்கள். சுக்கான் ஒன்று கழன்றுபோய் அந்த வழியால் தண்ணி புகுந்திருக்கலாம் எண்டும், உள் அறைகளுக்கிடையே தண்ணியை மறிக்கக் கூடியதாக இருக்கவில்லை எண்டும் விசாரணை சொன்னது. பின்பக்கத்து அறைக்குள் ஆரும் அடிக்கடி போய்ப் பார்ப்பதில்லை. அங்கே தண்ணி சேருவது தெரியவரும்போது நேரம் பிந்திவிடும்.

நெடுந்தீவில் ஒருவருக்குக் கடும் வருத்தம் எண்டால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகக் கடல் தாண்ட வேண்டும். அங்கே படகு எண்டது றோட்டு. படகு திருத்தத்துக்குப் போனால் றோட்டு குறைகிறது. அதனால் திருத்தத்தைத் தள்ளிப்போடச் சொல்லி எப்பவும் ஒரு நெருக்கடி இருக்கும். "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" எண்ட அந்த வசனம் கெட்ட மனசால் வருவதில்லை, மாற்றுப் படகு இல்லாததால் வருவது. எனவே புதுப் படகு கேட்கும்போது, பழையதைக் கரையேற்றும் நாட்களுக்கு இன்னொரு படகையும் சேர்த்துக் கேட்க வேண்டும். படகில் எத்தனை பேர் ஏறலாம் எண்டு எழுதுவது போல, கடைசியாக எப்போது கரையேற்றித் திருத்தியது எண்டும் துறைமுகப் பலகையில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். அதுக்குக் காசு செலவில்லை.

நாங்கள் செய்யக்கூடியது இன்னும் ஒன்று இருக்கு. ஊர்காவற்துறையிலும் காரைநகரிலும் குறிகட்டுவானிலும் இந்தப் படகுகளுக்கு அடியில் படுத்து வேலை செய்த முதியவர்கள் இருப்பார்கள். யுத்த காலத்தில் எரிபொருளும் உதிரிப்பாகமும் வராதபோது எதை வெட்டி எதுக்குப் பூட்டினார்கள் எண்டு அவையளைத்தான் கேட்க வேண்டும். போனில் பதிவு செய்து, திகதி போட்டு, எழுதி வையுங்கள். குமுதினியைக் கடலில் திரும்ப ஓட வைத்த கைகள் ஆற்றை எண்டு அடுத்த மே மாதத்துக்கு முன் ஒருவரிடமாவது கேட்டுப் பாருங்கள்.