மூழ்கிய ஊரும் நான்கு பேர் அறையும்

பஸ் அணையின் தலைமேல் ஏறித்தான் அந்தப் பக்கம் போகிறது. “இதுக்கடியில ஒரு ஊரு இருக்கு” என்றார் நண்பர், ஏதோ டீக்கடையைக் காட்டுவதுபோல. பிரான்சின் சவ்வா பகுதியிலுள்ள தீஞ் என்ற அந்த இடத்துக்கு, பனிச்சறுக்கு தெரியாத நான் போனது நண்பர் எடுத்த வாடகை அறையில் ஒரு வாரம் ஓசியில் தங்கத்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அணையின் கதை நமக்குப் பழகியதுதான். 1946இல் அங்கே மின்சாரம் தேசியமயமாகிறது. நாட்டின் மறுநிர்மாணம் என்ற பெருங்கதையாடலுக்கு முன்னால் ஒரு மலைக்கிராமம் எம்மாத்திரம்? 180 மீட்டர் உயரத்துக்கு அணை எழுந்தது. சனங்கள் நகர மறுத்தார்கள். 1952இல் கலவரத் தடுப்புப் போலீஸ் வந்தது. கல்லறைகளைத் தோண்டிப் பிணங்களையும் இடம் மாற்றினார்கள். ஊர் முழுகியது. இதைச் செய்தது தனியார் முதலாளி இல்லை, பொது உடைமை நிறுவனம் என்பதை நம் இடதுசாரி நண்பர்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

என்னை உறுத்தியது அதற்குப் பின் நடந்ததுதான். ஊர் இழந்தவர்களில் சிலர் 2100 மீட்டர் உயரத்தில், கோடையில் மாடு மேய்ந்த ஏரிக்கரையில் புது ஊர் கண்டார்கள். 1964இல் அரசின் ‘பனித் திட்டம்’ வந்தது. ஆல்ப்ஸ் உச்சிகளில் அடுக்கு மாடிகள். இதற்கெல்லாம் முதல் யார் போடுவது? ஓட்டல் கட்டினால் வாடகையில் போட்டதை எடுக்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அறை அறையாக விற்றுவிட்டால்? 1965ஆம் ஆண்டின் கூட்டுடைமைச் சட்டம் ஒரே கட்டடத்தைப் பல பேருக்குப் பங்கு வைப்பதை ஒழுங்குபடுத்தியது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் கட்டி முடிக்குமுன்பே விற்பதை முறைப்படுத்தியது. வாங்குகிறவன் பணத்திலேயே கட்டடம் வளரும். கட்டியவன் கைகழுவிக்கொண்டு அடுத்த மலைக்குப் போகலாம்.

அந்தக் கணக்கின் விளைவை உடம்பால் உணர்ந்தேன். நான்கு பேருக்கு ஒரே அறை. நடைவழியில் அடுக்குக் கட்டில், அதற்குப் பெயர் ‘கபீன்’. காயாத காலணி நாற்றம். ஜன்னலுக்கு வெளியே 3653 மீட்டர் உயர கிராந்த் மோத் சிகரம். இங்கே சரிவுகள் சாமானியமானவை அல்ல. பிப்ரவரி 2017இல் தடத்துக்கு வெளியே போன 4 பேரைப் பனிச்சரிவு கொன்றது.

‘பொது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அணைக்காகப் பேசப்பட்ட பொதுநலன் ஒரு ஊரையே கேட்டது. கூட்டுடைமையில் ‘பொது’ என்பது மாடிப்படி, லிஃப்ட், கூரை. அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரன் யாரென்று தெரியவே தெரியாது. உரிமையாளர் வருஷத்தில் சில வாரம் வந்தால் அதிகம். பூட்டிக் கிடக்கும் இந்த வீடுகளுக்குப் பிரெஞ்சில் ‘குளிர்ந்த படுக்கைகள்’ என்றே பெயர். ஆல்ப்ஸின் இப்படிப்பட்ட ஊர்களில் பருவ வேலைக்கு வருகிறவர்களில் சிலர் வேனுக்குள் தூங்குகிறார்கள்.

சோதனைக்காக ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு ஒருமுறை அணையை வடிப்பது வழக்கமாக இருந்தது. 2000இல் வடித்தபோது பழைய ஊரின் இடிபாடுகள் தெரிந்தன.

சனிக்கிழமை காலையில் அறையைத் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நண்பர் தரையைத் துடைத்தார். நான் மின்சார ஹீட்டரை அணைத்தேன்.